கொள்ளிடத்தில் ஏறி வந்த புள்ளி

ஜனவரி 3, வெள்ளி

ட்ரோன் வந்துவிட்டது. ஆகஸ்டில் சர்வீசுக்கு என்று சென்னை ஆபீசுக்கு எடுத்துப் போனவர்கள் இப்போதுதான் அனுப்ப மனசு வந்து, பார்சல் சர்வீஸில் போட்டிருக்கிறார்கள். முதுகில் சோப்பு டப்பா அளவுக்குப் புதிதாக ஒரு குட்டிக் கம்ப்யூட்டரை ஒட்டியிருக்கிறார்கள். இனிமேல் இது தானாக யோசித்துப் பறக்க வேண்டுமாம்.

மத்தியானம் ரெஜினா மேடம் போன் செய்தார்.

"பாதம், பெரிசா ஒண்ணும் வேணாம். ட்ரோன் கம்பெனிக்காரன் குடுத்த சாம்பிள் கோட் இருக்கில்ல, அதை அந்த போர்டுல ஏத்தி ஓட வச்சுக் காட்டுங்க. பிப்ரவரி முதல் வாரம் டெமோ. உங்க நிலைமை எனக்குத் தெரியும். முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளுக்குக் குடுத்துடறேன்."

என் முழுப்பெயர் குஞ்சிதபாதம். சென்னைக்காரர்கள் அதில் காலை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். முடியும் என்று சொல்லிவிட்டேன். இந்த ட்ரோனில் வேறு ஆள் கை படக்கூடாது. இதை ஓட்டியவள் என் மனைவி மங்கை.

தினமும் செய்த வேலையை எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறார். அது ஆங்கிலத்தில் ஆபீசுக்குப் போகும். இது எனக்கு.

சாயங்காலம் மங்கையின் தம்பி சபாநாயகம் வந்தான். காபி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, "தை அமாவாசைக்கு ஐயர்கிட்ட பேசிட்டேன் மாமா" என்றான். பால் தீர்ந்துவிட்டது, கடை மூடிவிடுவான் என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

ஜனவரி 4, சனி

நாள் முழுக்க ஒரு கேபிளோடு மல்லுக்கட்டினேன். குட்டிக் கம்ப்யூட்டர் பேசும் கம்பி ட்ரோன் கேட்கும் கம்பிக்குப் போக வேண்டும். நான் பேசுவதைப் பேசுவதோடும் கேட்பதைக் கேட்பதோடும் இணைத்திருந்தேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், கேட்க ஆளில்லை. மங்கை இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

கேஸ் புக் செய்தேன்.

ஜனவரி 6, திங்கள்

கம்பி சரியானதும் வேகம் தகராறு. இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் பேசாவிட்டால் திரையில் கோழி கிளறிய மாதிரி எழுத்து வருகிறது. கையேட்டில் 'மிக எளிய ஐந்து படிகள்' என்று போட்டிருக்கிறான். எழுதியவன் கையில் கிடைத்தால் ஐந்து படியிலும் உருட்டிவிடுவேன்.

கடைசியில் பேசிவிட்டது. அனுமதி எண்ணைக் கேட்டது, கொடுத்தேன். 'பதிவு பெற்ற விமானி: மங்கையர்க்கரசி கு.' என்று திரையில் வந்தது. பெயரை மாற்ற வேண்டுமா என்றும் கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

ஜனவரி 7, செவ்வாய்

முதல் ஓட்டம். கூடத்தில் மேசை மேல் வைத்து, விசிறிகளைக் கழற்றிவிட்டு ஓட்டினேன். வீட்டுக்குள் விசிறி மாட்டக் கூடாது என்பது மங்கை போட்ட சட்டம். இப்படி ஓட்டினால் ட்ரோன் பறப்பதாக நினைத்துக்கொள்ளும், மேசையை விட்டு நகராது.

சாம்பிள் கோட் முதலில் செய்வது ஒன்றுதான்: ரிமோட்டிடமிருந்து கட்டுப்பாட்டைப் பறித்துக்கொள்ளும். ஆனால் ரிமோட்டில் ஒரு சுவிட்ச் இருக்கிறது. அதைத் தட்டினால் புரோகிராம் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிட வேண்டும். எத்தனை பெரிய புரோகிராம் ஆனாலும் ரிமோட்டுக்குத்தான் மரியாதை.

நாங்கள் இரண்டு பேரும் சோதனை செய்யும்போது லேப்டாப் என்னிடம், ரிமோட் அவளிடம். அதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தோம். வாங்குகிற ஆள் "என்கிட்ட" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். கொடுக்கிற ஆள் "உன்கிட்ட" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வராமல் அவள் கட்டுப்பாட்டை எடுத்ததே இல்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல மறந்தால், அந்தச் சுவிட்சை இரண்டு தரம் தட்டுவாள். டிக், டிக். 'யோவ், காது கேக்கலையா' என்று அர்த்தம்.

இன்று பழக்க தோஷத்தில் "என்கிட்ட" என்று சொல்லிவிட்டேன். வெறும் கூடத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்து ஹோம். சிக்னல் அறுந்தால் ட்ரோன் திரும்பிப் போகிற இடம். தரையில் ஒரே இடமாகக் குறிக்கலாம், இல்லை ரிமோட் எங்கே போகிறதோ அதுதான் ஹோம் என்று விடலாம். ஆடி வெள்ளத்தன்று மங்கை ஒரே இடமாகத்தான் குறித்தாள். "கரையில நீ நிக்கிற இடம்தான் ஹோம்" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படகில் ஏறினாள். திட்டில் மாட்டிக்கொண்ட ஆட்களைத் தேடப் போன படகு மரத்தில் மோதிக் கவிழ்ந்தது. மற்ற மூன்று பேரும் நீந்தி வந்துவிட்டார்கள். ட்ரோன் சமர்த்தாகத் திரும்பி வந்து என் காலடியில் இறங்கியது.

அன்று ஹோம் ரிமோட்டோடு போயிருந்தால் ட்ரோன் அவள் தலைக்கு மேலேயே நின்றிருக்கும். இடம் தெரிந்திருக்கும்.

அதனால் இன்று இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். ரிமோட் பக்கத்தில் இல்லாதபோது இதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று கையேட்டில் சிவப்பில் போட்டிருக்கிறது. ரிமோட் அவளோடு ஆற்றில் போய்விட்டதால் ஹோம் என்கிற இடத்தில் பூஜ்யம், பூஜ்யம் என்று வர வேண்டும். வரவில்லை. வந்த எண்களைப் போனில் போட்டுப் பார்த்தேன். பழையாறு முகத்துவாரத்துக்கு வெளியே, கடல்.

பழைய எண் எதுவோ உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜனவரி 8, புதன்

சுத்தமாக அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஓட்டினேன். ஹோம் இப்போது முகத்துவாரத்துக்கு உள்ளே.

ஜனவரி 9, வியாழன்

மகேந்திரப்பள்ளிக்கு நேரே, நடு ஆற்றில். ரிமோட் இணைப்பு: உண்டு.

அந்த ரிமோட் ஒரு தரம் சார்ஜ் செய்தால் அரை நாள்கூடத் தாங்காது. இங்கிருந்து அந்த இடம் பல கிலோமீட்டர். அவ்வளவு தூரத்துக்கு அதன் சிக்னல் எட்டவே எட்டாது. ஆபீசுக்கு எழுதியதில் 'ஹோம் மதிப்பில் சிறு பிழை, ஆராய்ந்து வருகிறேன்' என்று போட்டேன்.

கேஸ் வந்தது. மங்கையின் நீலப் புடவையை எடுத்து வெயிலில் போட்டேன், பூச்சி அரித்துவிடும் என்று.

ஜனவரி 12, ஞாயிறு

ஆற்றில் போட்டது கடலுக்குப் போகும். கடலில் போனது ஆற்றில் ஏறி வருமா? தண்ணீர் வற்றித் திட்டுத் திட்டாக மணல் தெரிகிற மார்கழி மாசத்து ஆற்றில்?

இன்று மூன்று தரம் ஓட்டினேன். மூன்று தரமும் கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே நகர்ந்திருந்தது. மேற்கே என்றால் எங்கள் ஊர்ப் பக்கம்.

ஜனவரி 16, வியாழன்

பொங்கலுக்கு மாமியார் வீட்டில் இருந்தேன். அங்கே பொங்கல் வைக்கவில்லை. மாமியார் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துபோகிறார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. ஊருக்குக் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள, எம்பொண்ணு தண்ணில அலையிறா. கண்ண மூடினா வந்து நிக்கிறா, தலையெல்லாம் சொட்டச் சொட்ட. அவளுக்கு ஒரு பொட்டு வச்சு அனுப்பி விட்றணும். நீங்க கொள்ளி வச்சாத்தான் அது ஆகும்."

உடல் கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து எரிப்பார்கள். அதைத்தான் கேட்கிறார். புல்லுக்குப் பொட்டு வைத்து, அதுதான் மங்கை என்று நான் நெருப்பு வைக்க வேண்டும். கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். எனக்கு அவர் மேல் கோபமில்லை. ஆனால் அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று எப்படிச் சொல்வேன்?

மேலே எழுதியதை அடிக்க வேண்டாம். இருக்கட்டும்.

ஜனவரி 17, வெள்ளி

வந்ததும் வராததுமாக ஓட்டினேன். ஹோம் ஞாயிற்றுக்கிழமை விட்ட இடத்திலேயே இருந்தது. நான் ஓட்டாத நாட்களில் அது ஓர் அடிகூட நகரவில்லை. ஓட்டிய பிறகு நகர்ந்தது.

அப்படியானால் ஓட்ட வேண்டியதுதானே. விசிறி இல்லை, செலவு இல்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்து ஓட்டினேன். அளக்குடி தாண்டியாயிற்று. சோறு வைக்க மறந்து பன் தின்றேன். ஆடிக்குப் பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

ஜனவரி 20, திங்கள்

புதுத் தொல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே புரோகிராம் நின்றுவிடுகிறது. காரணம் என்று திரையில் வருவது: 'கட்டுப்பாட்டை ரிமோட் எடுத்துக்கொண்டது.'

நின்றால் நகர்வதும் நிற்கிறது. அதனால் சாம்பிள் கோடில் நானாக நாலு வரி சேர்த்தேன். ரிமோட் எடுத்துக்கொண்டால் நிற்காதே, உடனே திரும்பப் பறித்துக்கொள். எத்தனை தரம் எடுத்தாலும் அத்தனை தரமும் பறி. இப்படி எழுதவே கூடாது என்பது இந்தத் தொழிலில் பாலபாடம். விசிறி மாட்டாத ட்ரோன்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நிற்காமல் ஓடுகிறது.

கொல்லைப்பக்கத் தரை நசநச என்றிருக்கிறது. பைப் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஜனவரி 22, புதன்

சபா வந்தான். கொல்லைக் கதவருகே போனவன் மூக்கைப் பொத்தினான்.

"என்ன மாமா, ஆத்துச் சேறு வாடை அடிக்குது?"

"பைப் கசியுதுடா."

பிளம்பர் காலையில்தான் வந்து பார்த்துவிட்டு, கசிவே இல்லை, துளி ஈரம்கூட குழாயிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதை இவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

சபா மேசையைப் பார்த்தான். ட்ரோன் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ராவும் பகலும் இதைத்தான் கட்டிக்கிட்டு அழுவுறியாமே. எதிர்வீட்டு அக்கா சொன்னாங்க. நீ தனியாப் பேசுறியாம்."

"வேலைடா மாப்ள."

"அமாவாசைக்கு வருவியா மாட்டியா, அதைச் சொல்லு. அம்மா நேத்து விழுந்துட்டாங்க. நீ வரலைன்னா அவங்களும் போய்டுவாங்க போலருக்கு."

"யோசிக்கிறேன்."

"என்னத்த யோசிக்கிற? அக்கா செத்துட்டா மாமா." சொல்லிவிட்டு அவனே அழுதான். அந்தப் பையனை நான் ஆறு வருஷமாகப் பார்க்கிறேன், அழுது பார்த்ததில்லை. தோளைத் தட்டினேன். கண் திரையில்தான் இருந்தது. ஹோம் ரயில் பாலத்துக்குக் கீழே வந்திருந்தது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு நடந்தே வந்துவிடலாம்.

ஜனவரி 24, வெள்ளி

படித்துறை.

ஜனவரி 26, ஞாயிறு

தெருமுனை. பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். நாய்கள் எல்லாம் கோயில் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டன. எங்கள் தெருவில் ஒன்றுகூட இல்லை.

நீலப் புடவையை இஸ்திரி போட்டு வைத்தேன். கோலம் போட எனக்கு வராது. வாசலைக் கூட்டித் தண்ணீர் மட்டும் தெளித்தேன்.

ஜனவரி 27, திங்கள்

பத்து மணிக்கு ஓட்டினேன். ஹோம் எங்கள் கொல்லையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில்.

எழுந்து போய்ப் பார்த்தேன். நல்ல வெயில். கல்லைச் சுற்றித் தரை கறுப்பாக ஊறியிருந்தது. ஆள் இல்லை. ஆனால் அந்த இடத்தில் மட்டும் கை வைத்தால் ஐஸ் பெட்டிக்குள் விட்ட மாதிரி இருந்தது. "மங்கை" என்றேன். ஒன்றுமில்லை. இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது, எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பயம் வந்தது.

உள்ளே வந்து, புரோகிராம் எழுதிவைத்த வரிகளை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். சந்தோஷத்தில் இதுவரை எண்களை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ரிமோட் எடுத்தது. புரோகிராம் பறித்தது. ரிமோட் எடுத்தது. புரோகிராம் பறித்தது.' போன திங்கட்கிழமையிலிருந்து பக்கம் பக்கமாக இதுதான். ரிமோட் எடுக்கிற ஒவ்வொரு தரமும் இரட்டை இரட்டையாக இருக்கிறது. ஒன்று, ஒரு கணம் விட்டு இன்னொன்று. அப்புறம் கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு.

டிக், டிக்.

நான் பறிக்கிற ஒவ்வொரு தரமும் ஹோம் ஒரு முழம் வீட்டுப் பக்கம் நகர்ந்திருக்கிறது. அவள் எடுக்கிற ஒவ்வொரு தரமும் அரை முழம் ஆற்றுப் பக்கம் போயிருக்கிறது.

அவள் வரவில்லை. நான் இழுத்திருக்கிறேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்று புரோகிராமை நிறுத்த மனசு வரவில்லை. நிறுத்தினால் போய்விடுவாளே. படித்த பிறகும் நிறுத்தவில்லை. நான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

காலையில் ஹோம் கொல்லைப்படியில் இருந்தது. சமையல்கட்டுக்குள் ஈரம் வந்துவிட்டது. துடைக்கத் துடைக்க ஊறுகிறது. துடைத்த துணியைப் பிழிந்தால் வண்டல். மத்தியானம் சோறு வடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ குளிரில் பல் கிட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. திரும்பவில்லை. திரும்பியிருந்தால் பார்த்திருப்பேன், எனக்குத் தெரியும்.

திரையில் டிக் டிக் இப்போது இடைவெளி இல்லாமல் வருகிறது.

ஆறு வருஷத்தில் அவள் என்னிடம் ஒருநாளும் கெஞ்சியதில்லை. அவளுக்கு அது பிடிக்காது. இது கெஞ்சல்.

மூன்று மணிக்கு நிறுத்தினேன். நான் சேர்த்த அந்த நாலு வரியை அழித்தேன். சபாவுக்குப் போன் செய்து, "நாளைக்கு வர்றேன்டா. அம்மாகிட்ட சொல்லு" என்றேன். நீலப் புடவையை எடுத்துப் பையில் வைத்தேன். ட்ரோனையும் வைத்தேன். விசிறி நாலையும்.

ஜனவரி 29, புதன், தை அமாவாசை

படித்துறையில் தர்ப்பணத்துக்கு வந்த கூட்டம். நாங்கள் கொஞ்சம் தள்ளி மணலில் இறங்கினோம். ஐயர் தர்ப்பையை முடிந்து தலை, கை, கால் செய்தார். நீலப் புடவையைக் கிழித்துச் சுற்றினார். மாமியார் பொட்டு வைத்தார். பொட்டு கோணலாகிவிட்டது. மறுபடி அழித்து நேராக வைத்தார்.

நான் பையிலிருந்து ட்ரோனை எடுத்து மணலில் வைத்து விசிறிகளை மாட்ட ஆரம்பித்ததும் சபா பாய்ந்து வந்தான்.

"இங்கயுமா? மாமா, ஜனங்க பாக்குறாங்க. ஏன் இப்படி மானத்த வாங்குற?"

"ரெண்டு நிமிஷம்டா. இது உங்க அக்காவுது. ஒப்படைக்கணும்."

என் முகத்தில் என்ன பார்த்தானோ, விலகி நின்றான்.

லேப்டாப்பைத் திறந்து சாம்பிள் கோடை ஓட்டினேன். கம்பெனிக்காரன் கொடுத்தபடியே, நான் ஒன்றும் சேர்க்காமல். ஹோம் என்கிற இடத்தில் வந்த எண் நாங்கள் நின்ற மணலின் எண். தர்ப்பை உருவத்துக்கும் எனக்கும் நடுவில். அந்த இடத்து மணல் மட்டும் ஈரமாக இருந்தது, ஐயர்கூடக் காலை நகர்த்திக்கொண்டார்.

திரையில் 'ரிமோட் கட்டுப்பாட்டைக் கேட்கிறது' என்று வந்தது. இரண்டு தரம்.

பதில் நான்தான் சொல்ல வேண்டும். ஒரு சின்னச் சொல். ஆயிரம் தரம் சொல்லியிருப்பேன், சில சமயம் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல். மறுபடி இரண்டு தரம் வந்தது. பொறுமையாக வந்தது, அவசரம் இல்லை.

"உன்கிட்ட" என்றேன்.

புரோகிராம் முடிந்துவிட்டது. ஐயர் கொள்ளியை என் கையில் கொடுத்தார். உருவத்தில் வைத்தேன். தர்ப்பை படபடவென்று பிடித்துக்கொண்டது. அதே நேரம் நாலு விசிறியும் சுற்ற ஆரம்பித்தன. ட்ரோன் மணலைக் கிளப்பிக்கொண்டு எழும்பி, மாமியார் முகத்துக்கு நேரே கொஞ்ச நேரம் நின்றது. அவர் கை தானாக நீண்டது. தொடவில்லை.

"யாருடா வுடுறது?" என்றார் சபாவிடம்.

சபா என் கையைப் பார்த்தான். இரண்டு கையாலும் கொள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் மூடிக் கிடந்தது.

"மங்கைதான்மா" என்றேன். மாமியாரை நான் அம்மா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தரம்.

ட்ரோன் திரும்பியது. ஆற்றின் மேல் தாழ்வாக, கிழக்கே, பாலத்துக்கு அடியில் நுழைந்து போயிற்று. போன பிறகும் அந்தச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. சாம்பலை ஆற்றில் விட்டு மூன்று பேரும் முழுகி எழுந்தோம். மாமியார் படித்துறையிலேயே இட்லி வாங்கிச் சாப்பிட்டார். முழுதாகச் சாப்பிட்டார்.

ஆபீஸ் ட்ரோன் அது. ரெஜினா மேடத்திடம் என்ன சொல்வது என்று நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொல்லைக்குப் போனேன். துவைக்கிற கல், படி, சமையல்கட்டு எல்லா இடத்திலும் குனிந்து கையை வைத்து வைத்துப் பார்த்தேன். எங்கேயாவது கொஞ்சம் ஈரம் இருக்காதா என்று தேடினேன். தரை நன்றாகக் காய்ந்திருந்தது.